அம்மா பெயரில் கோயிலில் பளிங்குக் கல் வைக்கலாமா? உங்கள் ஊரில் என்ன செய்தீர்கள்?

வெள்ளவாரி ஓரம் (புதுச்சேரி) கேட்கிறார்:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இப்போது பேச ஆளில்லாததும் ஒரு காரணம்.

அம்மா மே மாதம் காலமானார், 79 வயது. முப்பதாம் நாள் பூசை முடிந்த அன்று ராத்திரியே பிரான்சிலிருந்து அண்ணன் பேசினார். (அவர் கல்யாணம் செய்தது பிரெஞ்சு குடியுரிமை உள்ள குடும்பத்தில், அங்கே போய் முப்பது வருஷம் ஆகிறது. புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) அம்மா பெயரில் கோயிலில் நிரந்தரமாக ஏதாவது செய்ய வேண்டும், பணம் முழுக்க நான் தருகிறேன் என்றார். எங்கள் பங்குக் கோயிலில் விசாரித்தேன். மாதா கெபியை (மாதா சிலை வைத்த குகை மாதிரியான மாடம்) சுற்றிக் கிரானைட் பதித்து, முன்னால் பளிங்குக் கல்லில் அம்மா பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி, கீழே 'அன்பு மக்கள்' என்று எங்கள் பெயர்கள், இப்படி ஒரு யோசனை சொன்னார்கள். அண்ணனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்குத்தான் உறுத்துகிறது.

அம்மா கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்தவர் இல்லை. மரியாயின் சேனை, பாடற்குழு, எதிலும் பொறுப்பில் இருந்ததில்லை. சனிக்கிழமைகளில் முடிந்தால் வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போவார், குளத்துத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவருவார், அவ்வளவுதான் அவருடைய பக்தி வெளியே தெரிந்தது. அப்பாவுக்கு மில் வேலை, சம்பளம் ஒழுங்காக வந்த வருஷங்கள் குறைவு. ஆனாலும் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவிடுவார். பிடி அரிசி நம் வீடுகள் எல்லாவற்றிலும் உள்ள பழக்கம்தான், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முழுக்கச் சேர்த்துக் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவோம். அம்மா தவக்காலம் முடிந்த பிறகும் நிறுத்த மாட்டார், அந்த அரிசி கோயிலுக்கும் போகாது.

எங்கே போகும் என்றால், எங்கள் சந்தில் ஒரு வீட்டில் கஷ்டம் என்று தெரிந்தால் அம்மா அங்கே எதையும் தூக்கிக்கொண்டு போக மாட்டார். என்னை அனுப்பி அந்த வீட்டில் ஒரு பாத்திரத்தைக் கடன் கேட்கச் சொல்வார். "எங்க சட்டி கீறல் விட்டுருச்சாம், அம்மா உங்க சட்டியக் கேட்டாங்க." வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம்தானே, மறுநாள் அந்தச் சட்டி அரிசியோடோ குழம்போடோ திரும்பிப் போகும். கடன்பட்டது நாங்கள், அதனால் வாங்கிக்கொள்கிறவர்கள் தலைகுனிய வேண்டியதே இல்லை. இது ஒரு தந்திரம் என்று எனக்குப் புரிந்ததே பன்னிரண்டு வயதில்தான். நம்ம வீட்டில் நல்ல சட்டி இரண்டு இருக்கும்போது நான் எதற்கு வெட்கம் கெட்டுப் போய்க் கேட்க வேண்டும் என்று கத்தினேன். "போய்க் கேளு" என்றார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை, அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி.

அம்மா பெயர் பொறித்த பொருள் என்று உலகத்தில் இருப்பது அவருடைய கல்யாணச் சீர்ப் பாத்திரங்கள் மட்டும்தான், நேரு வீதிக் கடையில் தாத்தா பேர் வெட்டிக் கொடுத்தது. அப்படிப்பட்டவர் பெயரைப் பளிங்கில் வைத்தால் அவருக்கே கூச்சமாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் ஒன்றுமே செய்யாமல் விட்டால் பத்து வருஷத்தில் எல்லாரும் மறந்துவிடுவார்களோ என்றும் இருக்கிறது.

உங்கள் பங்கில், உங்கள் சபையில் இப்படி ஓசைப்படாமல் இருந்துவிட்டுப் போனவர்கள் உண்டா? அவர்களுக்காக நீங்கள் என்ன செய்தீர்கள்? கல் வைத்தவர்களும் சொல்லுங்கள், நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை.

மொட்டைமாடி:

அக்கா, எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு ட்யூப்லைட் இருந்தது. 'உபயம்' என்று ஆரம்பித்து அப்பா, அம்மா, மகன், மருமகள், பேரன் பெயர் வரைக்கும் சிவப்பு பெயின்ட்டில் எழுதி முடித்த பிறகு வெளிச்சம் வர இரண்டு விரல்கடை இடம்தான் மிச்சம். அதன் அடியில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகம் பார்க்க முடியாது. என் ஓட்டு வேண்டாம் என்பதற்கு.

கெடிலக்கரை (கடலூர்):

சகோதரி, முதலில் உங்கள் அம்மாவுக்கு என் அஞ்சலி. நான் கடலூர், மஞ்சக்குப்பம் பக்கம், லுத்தரன் சபை.

நான் சொல்லப் போவது எங்கள் பழைய உபதேசியாரைப் (சபையில் வேதம் சொல்லிக்கொடுக்கிற ஊழியர்) பற்றி. சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை, ஒரு சைக்கிள், காக்கிப் பை, பைக்குள் வேதப் புத்தகத்தோடு கூடவே ஏர்மெயில் கடிதத்தாள், மணியார்டர் ஃபாரம், ஒட்டுவதற்குப் பசை. எண்பதுகளில் எங்கள் தெருவிலிருந்து ஆண்கள் பலர் வளைகுடாவுக்குப் போயிருந்தார்கள், வீட்டிலிருந்த பெண்கள் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் உபதேசியார்தான் வாசிக்க வேண்டும், பதிலும் அவர்தான் எழுத வேண்டும். எந்த மதம் என்றெல்லாம் இல்லை, கை காட்டினால் சைக்கிள் நிற்கும்.

எனக்கு ஒன்பது பத்து வயது, அவருக்குப் பசை தடவிக் கொடுப்பது என் வேலை. ஒரு நாள் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு வந்த கடிதத்தை அவர் வாசித்துக்கொண்டிருந்தபோது தோளுக்குப் பின்னால் நின்று நானும் படித்தேன். அந்த ஆள் அதில் எழுதியிருந்தது நான்கைந்து வரி அசிங்கமான வசவு, பெண் பிள்ளையாகப் பெற்றுவிட்டாள் என்று. உபதேசியார் அந்த வரிகளுக்கு வந்ததும் தொண்டையைக் கனைத்தார், கண்ணாடியைத் துடைத்தார், அடுத்த பத்தியிலிருந்து வாசித்தார். "குழந்தையைப் பார்த்துக்கொள், அடுத்த மாதம் பணம் அனுப்புகிறேன்." பணம் விஷயம் உண்மையாகவே அதில் இருந்தது. திரும்பி வரும் வழியில் அவர் என்னிடம், "எல்லாத்தையும் வாசிக்கணும்னு இல்லடா" என்றார். அந்த ஆளுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டார் என்பதும் எனக்குத் தெரியும், ஒட்டியது நான்தான், உள்ளே என்ன என்று காட்டவில்லை.

அவர் செய்தது சரியா? எனக்கு இன்றைக்கும் முடிவு தெரியாது. அந்த அக்காவுக்குத் தன் புருஷன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ள உரிமை இருந்ததே என்று சில சமயம் தோன்றும். ஆனால் நடந்தது இது: நான் இப்போது இ-சேவை மையம் நடத்துகிறேன். முதியோர் உதவித்தொகைக்கு, சாதிச் சான்றிதழுக்கு, பட்டாவுக்கு என்று வருகிறவர்களுக்குத் திரையில் 'நிராகரிக்கப்பட்டது' என்று வரும்போது என் தொண்டை தானாகக் கனைக்கிறது. "இன்னொரு பேப்பர் கேக்கறாங்கம்மா, நாளைக்கு எடுத்துட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்று என் வாய் சொல்கிறது. முதன்முறை அப்படிச் சொன்ன அன்றைக்கு யார் குரல் இது என்று கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். கடையில் வேலை பார்க்கும் பையனும் இப்போது அதே மாதிரிதான் சொல்கிறான், அவனுக்கு உபதேசியார் யார் என்றே தெரியாது.

அவர் கல்லறையில் சிமென்ட் பூச்சு மட்டும்தான். பெயர் அழிந்துவிட்டது, நவம்பரில் இடம் தெரிந்தவர்கள் பூ வைக்கிறோம். கல் வைக்க நாங்கள் காசு திரட்டினோம், பாதியில் நின்றது, அந்தக் கதை வேண்டாம்.

உப்பங்கழி:

எல்லாரும் நெகிழ்ந்து போயிருக்கிறீர்கள், நான் வந்து கெடுக்கிறேன், மன்னிக்கவும்.

கிறிஸ்தவர்களின் அன்பு, அமைதியான அன்பு என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவு வருவது சுவர். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பை எடுத்துப் பாருங்கள், 1745-இல் புதுச்சேரியில் அன்றைய சம்பா கோயிலுக்குள்ளேயே சாதிக் கிறிஸ்தவர்களையும் தலித் கிறிஸ்தவர்களான எங்கள் ஆட்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. எங்கள் ஆட்கள் திரண்டு போய்ப் பெரிய சாமியாரிடம், நாங்களும் உங்கள் பிள்ளைகள் என்றால் இந்தச் சுவர் எதற்கு என்று கேட்ட பிறகுதான் அது இடிந்தது. யாரோ ஓசைப்படாமல் அன்பாக இருந்ததால் இடியவில்லை. சத்தம் போட்டதால் இடிந்தது. இதைச் சொல்லாமல் மற்றதைப் பேசினால் எனக்குத் தொண்டையில் நிற்கும்.

என் சொந்த ஊர்ப் பங்கு எது என்று சொல்லப் போவதில்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது அங்கே இரண்டு கல்லறைத் தோட்டம். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மேலத்தெரு அம்மாக்கள் பிடி அரிசி மூட்டையோடு வருவார்கள், எங்கள் தெரு முனையில் நின்று யாரையாவது கூப்பிட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நல்லவர்கள்தான், முகத்தில் கனிவு இருக்கும், நான் மறுக்கவில்லை. ஒருவர்கூடத் தெருவுக்குள் வந்து எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அந்த அரிசியைச் சாப்பிட்டுத்தான் வளர்ந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரே ஒருவர் வித்தியாசம். எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர், கணக்கு, அவரும் மேலத்தெருதான். சாயந்திரம் எங்கள் தெரு வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போவார். ஆயா வைக்கும் கருவாட்டுக் குழம்பு வாசனை பிடித்து ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்டார், அப்புறம் வாரத்துக்கு ஒரு நாள் தன் டிபன் பாக்ஸை ஆயாவிடம் கொடுத்துவிட்டு, "நாளைக்கு எனக்கும் சேர்த்து வைங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் எங்களுக்குக் காசோ அரிசியோ கொடுத்ததாக நினைவே இல்லை. ஆயா அந்த டிபன் பாக்ஸைச் சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் வைக்கிற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்தக் குழம்பு வைக்கிற நாளில் எங்கள் ஆயா வேறு ஆள்.

அதனால் உங்களிடம் ஒரு கேள்வி, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அம்மா கடன் வாங்கிய சட்டியில் சமைத்தாரா, இல்லை சும்மா வாங்கி ஓரமாக வைத்திருந்து அரிசி போட்டுத் திருப்பினாரா? எனக்கு இரண்டும் ஒன்று இல்லை.

கெடிலக்கரை:

உப்பங்கழி சொன்னதில் தப்பே இல்லை. எங்கள் பக்கத்துச் சபையின் கதையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் சபைக்குள் சாதியைப் பார்த்தும் பாராமல் விட்டுவைத்தது, அதை ஒத்துக்கொள்ளாமல் வெளியேறியவர் கார்ல் ஓக்ஸ். 1860-களின் தொடக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாக வேலை தொடங்கினார், பிறகு டென்மார்க் மிஷன் கைகொடுத்தது, அதிலிருந்து வளர்ந்ததுதான் 1913-இல் உருவான ஆற்காடு லுத்தரன் திருச்சபை. அப்படி ஆரம்பித்த சபைக்குள்ளும் இன்றைக்குக் கல்யாணப் பேச்சு வந்தால் என்ன நடக்கிறது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

வெள்ளவாரி ஓரம்:

உப்பங்கழி அவர்களே, கோபம் இல்லை. நீங்கள் கேட்டது இரண்டு நாள் மண்டைக்குள் சுற்றியது, ஏனென்றால் உடனே பதில் தெரியவில்லை. நான் சட்டியை வாங்கி வந்தது நினைவிருக்கிறது, திருப்பிக் கொண்டுபோனது நினைவிருக்கிறது, நடுவில் என்ன நடந்தது என்று அந்த வயதில் கவனிக்கவில்லை.

கடைசியில் பெரியம்மா மகளிடம் கேட்டேன், அவள் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். சிரித்தாள். "சித்தி அந்தச் சட்டியிலதான் மீன் குழம்பு வைக்கும், மறந்துட்டியா? நம்ம சட்டியவிட அவங்க சட்டியில பழகின ருசி இருக்குன்னு சொல்லும்" என்றாள். அந்தக் குழம்பில் பாதி அதே சட்டியோடு போய்விடும், மீதியைத்தான் நாங்கள் சாப்பிட்டிருக்கிறோம். எங்கள் சந்தில் எல்லாச் சாதியும் இருந்தது, கடைசி வீடு முஸ்லிம். அம்மா யோசித்துச் செய்தாரா, சட்டியை வாங்கிவிட்டு வைக்காமல் இருந்தால் பொய்யாகிவிடும் என்று நினைத்தாரா, தெரியாது. கேட்க வேண்டிய ஆள் போய்விட்டார்.

தேவனாம்பட்டினத்துப் பெண்:

நான் கிறிஸ்தவள் இல்லை, மீனவர் வீடு. இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை, ஆனால் எழுத வேண்டும் போல் இருக்கிறது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அலை வந்த கதையை நான் சொல்ல மாட்டேன், இருபது வருஷத்தில் நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள், என் வீட்டில் இரண்டு பேர் போனார்கள், அது போதும். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. ரோட்டோரம் மலை மாதிரி கொட்டிக் கிடந்தது, கோட்டு, கிழிந்த சட்டை, பட்டுப்பாவாடை, யாரும் தொடவில்லை, மாடு அதன்மேல் படுத்துக் கிடந்தது. சோறும் வந்தது, சோற்றுக்குக் குறை இல்லை. எங்களுக்கு வேண்டியது வேறு. உடுத்தியிருந்த துணியோடு வந்த பெண்கள் இருநூறு பேர் இருக்கிற இடத்தில் மாத விலக்குக்குத் துணி இல்லை, உள்பாவாடை இல்லை, மாற்று ஜாக்கெட் இல்லை. மைக் பிடித்துக்கொண்டு வருகிற ஆம்பளைங்களிடம் இதை யார் கேட்பது?

ஒரு சிஸ்டர் வந்தார். எந்த மடம் என்று இன்றுவரை தெரியாது, வயதானவர், காலில் ரப்பர் செருப்பு. எல்லாரும் கேட்கிற மாதிரி என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. பெண்கள் இருந்த அறையில் வந்து கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைச் சிக்கெடுக்க ஆரம்பித்தார். உப்புத் தண்ணீரில் ஊறிப் போன முடி, சடைசடையாக இருந்தது. அரை மணி நேரம் சிக்கெடுத்தார், ஒன்றும் பேசவில்லை. அப்புறம் காதோடு கேட்டார், "எத்தன பேருக்கு வேணும்?" நான் ஒன்றுமே சொல்லாமல் அவருக்குப் புரிந்திருந்தது. சாயந்திரம் இரண்டு சாக்கு வந்தது, மேலே துண்டு போட்டு மூடி, உள்ளே எல்லாம் அளவு பார்த்து மடித்து, ஊக்கு, சீப்பு, தேங்காய் எண்ணெய் பாக்கெட் உள்பட. படம் எடுக்கவில்லை. ஜெபம் செய்யச் சொல்லவும் இல்லை.

2015 வெள்ளத்தில் எங்கள் மகளிர் குழு சார்பாக உள்ளூர்ப் பக்கம் போனபோதும், 2024-இல் ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் தென்பெண்ணைத் தண்ணீர் ஊருக்குள் வந்தபோதும், நான் முதலில் கட்டச் சொன்ன பை அந்தப் பைதான். எங்கள் குழுவில் அதற்கு 'சிஸ்டர் பை' என்றே பெயர். புதிதாகச் சேர்ந்த பெண்கள் ஏதோ கம்பெனிப் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வியாழக்கிழமைக் கூட்டம் (புதுச்சேரி):

ஓய்வுபெற்ற கணக்கர் நான். எங்கள் பங்கில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபையில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். நீங்கள் எல்லாரும் எழுதியதைப் படித்துவிட்டு மூன்று விஷயம் சொல்லத் தோன்றுகிறது, வரிசையாக வராது.

உப்பங்கழி சொன்ன தண்ணீர் விஷயம். நான் சேர்ந்த புதிதில் என்னை ஏழைக் குடும்பங்களின் வீட்டுக்கு அழைத்துப் போன பெரியவர் சொன்ன முதல் விதி அதுதான், அந்த வீட்டில் கொடுக்கிற தண்ணீரையோ டீயையோ குடிக்காமல் எழுந்து வரக்கூடாது. இந்தச் சபை 1833-இல் பாரிஸில் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் அவர் கூட்டாளிகளும் ஆரம்பித்தது, அன்றைக்கே அவர்கள் செய்தது காசு கொடுத்தனுப்புவது மட்டும் இல்லை, தாங்களே ஏழைகளின் வீட்டுக்குப் போய் உட்காருவது. இன்றைக்கும் இரண்டு இரண்டு பேராகப் போகிறோம், யார் வீட்டுக்கு என்று வெளியே சொல்வதில்லை, கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும், யார் எவ்வளவு போட்டார் என்று அடுத்தவருக்குத் தெரியாது. எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கிறதா என்றால் இல்லை, நாற்காலி சண்டை எங்களிடமும் உண்டு.

அடுத்து, பணமாகக் கொடுக்க நினைத்தால் டிசம்பரில் கொடுக்காதீர்கள். டிசம்பரில் கேக்கும் புடவையும் வேண்டாம் வேண்டாம் என்கிற அளவுக்கு வரும். ஜூனில் கொடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, கரையோர வீடுகளில் கையில் இருந்ததெல்லாம் தீர்ந்து வட்டிக்கு வாங்கியிருப்பார்கள், அதே நேரத்தில்தான் பள்ளிக்கூடம் திறக்கும், ஷூ, பை, நோட்டு, ஆட்டோ கட்டணம். உண்மையில் எங்கள் பை காலியாக இருப்பது அந்த மாதத்தில்தான், ஏனென்றால் நன்கொடை கொடுக்கிற குடும்பங்களுக்கும் அதே பள்ளிக்கூடச் செலவு இருக்கிறது.

கடைசியாக அண்ணனைப் பற்றி. இங்கே எல்லாரும் கல் வேண்டாம் என்கிறீர்கள். நான் அவர் பக்கம் கொஞ்சம் பேசுகிறேன். நீங்கள் அந்தச் சந்திலேயே இருக்கிறீர்கள், தினமும் அம்மா நடந்த இடத்தில் நடக்கிறீர்கள், அம்மாவைப் பற்றிச் சொல்லப் பெரியம்மா மகள் இருக்கிறாள். அவர் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மூன்று வாரம் வருவார். வந்தால் கையால் தொட்டுப் பார்க்க எழுத்தாக ஒன்று வேண்டும் என்று நினைக்கிறார், அதைப் பெருமை என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். என் மகனும் வெளிநாட்டில்தான் இருக்கிறான், அதனால் சொல்கிறேன்.

பெயர் வேண்டும், கூச்சமும் வேண்டாம் என்றால் ஒரு வழி இருக்கிறது, நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாத்திரம். எங்கள் பங்கில் சாவு வீட்டுக்கு, ஞானஸ்நான விருந்துக்கு, மஞ்சள் நீராட்டுக்கு என்று பாத்திரம் வாடகைக்கு எடுக்கவே ஏழைக் குடும்பங்கள் கடன் வாங்குகின்றன. இரண்டு அண்டா, நான்கு குண்டான், வடிதட்டு, கரண்டிகள், குழாய் வைத்த காபி டிரம் ஒன்று, ஐம்பது தட்டு. கோயில் அறையில் வைத்தால் பூட்டிவிடுவார்கள், சாவி கிடைக்காது, அதனால் உங்கள் சந்திலேயே யார் வீட்டிலாவது இருக்கட்டும், யார் மதம் என்ன என்று பார்க்காமல் போய் வரட்டும். பாத்திரத்தில் பெயர் வெட்டுவதை யாரும் பெருமை என்று சொல்ல மாட்டார்கள், திரும்பி வர வேண்டுமே.

மொட்டைமாடி:

காபி டிரம் யோசனைக்கு என் இரண்டாவது ஓட்டும். சாவு வீட்டில் விடிகாலை நாலு மணிக்குச் சூடாக ஒரு காபி கொடுத்தவர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை, செத்தவர் யார் என்பது மறந்துவிட்டது.

உப்பங்கழி:

மீன் குழம்பு பதில் பார்த்தேன். சரி. நன்றி.

தட்டு ஐம்பது போதாது, நூறு வாங்குங்கள். எவர்சில்வரே வாங்குங்கள். எங்கள் தெருவுக்கு வந்தால் மட்டும் பேப்பர் தட்டு கொடுத்துவிட்டுப் போகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். யாருக்கும் தனித் தட்டு கிடையாது, அதை மட்டும் முதல் நாளே சொல்லி வையுங்கள்.

வெள்ளவாரி ஓரம்:

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. தாமதத்துக்கு மன்னிக்கவும், நடுவில் எனக்குக் காய்ச்சல், ஒரு வாரம் படுக்கை.

வியாழக்கிழமைக் கூட்டம் எழுதியதை அப்படியே அண்ணனுக்கு அனுப்பினேன். ஒரு நாள் முழுக்க பதில் இல்லை. அப்புறம் வீடியோ காலில் வந்தார், அம்மாவின் பழைய பாத்திரம் ஒன்றைக் கேமராவுக்கு முன்னால் காட்டச் சொன்னார். பருப்புக் குண்டானைக் காட்டினேன், புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து, முதல் எழுத்து பாதி தேய்ந்துவிட்டது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதே மாதிரி வெட்டச் சொல், மெஷின் எழுத்து வேண்டாம், பிறந்த தேதி எல்லாம் எதற்கு என்றார். 'அன்பு மக்கள்' பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கெபிக்கு வேறொரு குடும்பம் கிரானைட் போடுகிறதாம், அது அவர்கள் விருப்பம். நூறு தட்டு, எவர்சில்வர், கணக்கில் சேர்த்தாகிவிட்டது. கையால் பேர் வெட்டுகிறவர் யாராவது இன்னும் நேரு வீதிப் பக்கம் இருக்கிறாரா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நான் கேட்ட இரண்டு கடையிலும் மெஷின்தான்.

பாத்திரங்களை எங்கே வைப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை. கடைசி வீட்டு பாய் அவர்கள் மாடிப்படிக்கு அடியில் இடம் இருக்கிறது என்றார்.

இன்னொரு விஷயம் சொல்லிவிட்டு முடிக்கிறேன். காய்ச்சல் வந்த நான்காம் நாள் எதிர்வீட்டு அக்கா வாசலில் வந்து நின்று, "உங்க அம்மாவோட இட்லிப் பானை சும்மாதானே இருக்கு, கொஞ்சம் குடு, எங்களது ஓட்டை" என்றார். எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்குப் பானை திரும்பி வந்தது, மூடியைத் திறந்தால் துணியோடு பதினாறு இட்லி, மேலே ஒரு கிண்ணத்தில் சட்னி. அவர் வீட்டில் இட்லிப் பானை மூன்று இருக்கிறது, போன பொங்கலுக்கு மூன்றையும் நான்தான் பரணில் ஏற்றிக் கொடுத்தேன்.